ஊர் சேர்ந்து ஒரு பப்பை வாங்கினால்

"இங்கிலாந்தில் மூடப்போகும் கிராமத்து பப்பை ஊர்மக்களே பணம் போட்டு வாங்கி நடத்துகிறார்களாமே, உண்மையா? குடிக்கிற இடத்துக்கு எதற்கு இந்தப் பாடு? போட்ட பணம் திரும்பி வருமா?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். மூன்று கேள்வியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் கொஞ்சம் சுற்றித்தான் சொல்ல வேண்டும்.

உண்மைதான். பிரிட்டனில் 150-க்கு மேற்பட்ட பப்புகள் இன்று ஊர்மக்களின் சங்கங்கள் கையில் இருக்கின்றன. அதில் ஒன்றில் எனக்கும் 250 பவுண்டு பங்கு உண்டு. இங்கிலாந்தின் வடக்கே முந்நூறு வீடுள்ள ஒரு கிராமம். ஊர்ப் பெயர் வேண்டாம். அக்கம்பக்கத்தார் போனிலேயே மொழிபெயர்த்துப் படித்துவிடுவார்கள். ஆறு வருடம் அந்தச் சங்கத்தின் கணக்கை நான்தான் பார்த்தேன். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. கமிட்டியில் என்னைச் சேர்த்துக்கொண்ட அன்று தலைவராக இருந்த அம்மாள், "சரக்கைக் குடித்துத் தீர்க்காத ஆள் ஒருவராவது கிடைத்தாரே" என்றார்.

பப் என்றதும் நம் கண்ணில் வருவது டாஸ்மாக்கை ஒட்டிய பார்: பிளாஸ்டிக் டம்ளர், ஈரத் தரை, எழுந்து ஓடும் அவசரம். அதைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம்தான் பப். பார்க்கவும் வீடு மாதிரிதான் இருக்கும். தாழ்ந்த கூரை, விறகு எரியும் கணப்பு, கணப்புக்கு முன்னால் யாருடைய நாயோ ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேரன் பேத்திகளோடு சாப்பிட வருவார்கள். கிரிக்கெட் டீம் முடிவாவது அங்கே. கல்லறையில் அடக்கம் முடிந்தால் எல்லோரும் நேரே வருவதும் அங்கேதான். பள்ளிக்கூடம் மூடி, தபால் ஆபீஸ் மூடி, பஸ் நாளுக்கு இரண்டு நடை என்று ஆகிவிட்ட ஊரில், யாரும் கூப்பிடாமல் போய் உட்காரக்கூடிய கடைசி இடம் அது. எங்கள் பப் பதினான்கு மாதம் பூட்டிக் கிடந்தது. அந்த மாதங்களில், மனைவியை இழந்த பெரியவர் ஒருவர் தினமும் ஆறு மணிக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பி, பூட்டிய கதவு வரை நடந்துவிட்டு வீட்டுக்குத் திரும்புவதை என் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன்.

சரி, ஏன் மூடுகிறார்கள்?

2000-ம் ஆண்டு வாக்கில் பிரிட்டனில் 60,000 பப்புகள் இருந்தன. இப்போது 45,000 அளவுக்கு வந்துவிட்டது. சூப்பர் மார்க்கெட்டில் பீர் மலிவு, 2007 ஜூலையில் இங்கிலாந்தில் வந்த புகைத்தடை, வரி, குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதில் வந்த கண்டிப்பு என்று வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் எல்லாமே உண்மை. ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பப்புகளும் மூடின. அதற்குக் காரணம் கட்டடம்.

1989-ல் அரசாங்கம் ஒரு உத்தரவு போட்டது. அதுவரை பெரிய பீர் கம்பெனிகளே ஆயிரக்கணக்கான பப்புகளைச் சொந்தமாக வைத்திருந்தன. இது ஏகபோகம், 2,000-க்கு மேல் வைத்திருப்பவர்கள் பிடியைத் தளர்த்த வேண்டும் என்றது உத்தரவு. நல்ல எண்ணம்தான். கம்பெனிகள் பப்புகளைக் கட்டுக்கட்டாக விற்றன. வாங்கியவர்கள் பீர் காய்ச்சுகிறவர்கள் இல்லை. 'பப்கோ' என்று சொல்லப்படும் சொத்து நிறுவனங்கள். அவர்கள் கடன் வாங்கி வாங்கினார்கள், கடனுக்கு வட்டி கட்ட வாடகையை ஏற்றினார்கள். பப்பை எடுத்து நடத்தும் குத்தகைக்காரர் பீரையும் அவர்களிடமே, வெளிச்சந்தையைவிடக் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டுக்கு 'டை' என்று பெயர். குத்தகைக்காரர்கள் ஒவ்வொருவராக நொடித்துப் போனார்கள்.

அப்புறம் நிலமதிப்பு ஏறியது. பப்பாக இருந்தால் மூன்று லட்சம் பவுண்டு போகும் கட்டடம், நான்கு படுக்கையறை வீடாக மாற்ற அனுமதி கிடைத்தால் ஐந்தோ ஆறோ போகும். அப்படியிருக்க எந்த உரிமையாளர் பீர் விற்றுக்கொண்டிருப்பார்? வீடாக மாற்றுவதற்கு உள்ளூர் கவுன்சிலின் அனுமதி வேண்டும். "இந்த இடத்தில் பப் ஓடாது" என்று காட்டினால் அனுமதி சுலபம். ஓடாது என்று காட்டுவதற்குச் சுலபமான வழி, ஓடவிடாமல் செய்வதுதான். பப்பைக் கடையாகவோ உணவகமாகவோ மாற்றுவதற்கும் இடிப்பதற்கும் அதுவரை திட்ட அனுமதியே தேவையில்லாமல் இருந்தது. அந்த ஓட்டையை 2017 மே மாதத்தில்தான் அடைத்தார்கள்.

அதனால் ஊர்மக்கள் பணம் போடும்போது, முதல் வேலையாக அந்தக் கட்டடத்தை நிலச்சந்தையிலிருந்து வெளியே எடுக்கிறார்கள். வீடாக மாற்றி விற்கும் ஆசை இல்லாத ஓர் உரிமையாளர் அந்தக் கட்டடத்துக்குக் கிடைத்துவிடுகிறார். மற்ற எல்லாம் அதற்குப் பிறகு.

இங்கிலாந்தில் இதற்கு வழிகாட்டியவர்கள் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் ஊர்க்காரர்கள். கம்ப்ரியா மாவட்டத்தில், லேக் டிஸ்டிரிக்ட் மலைகளின் வடக்கு ஓரத்தில் இருக்கும் சின்ன ஊர். ஊரின் நடுவில் புல்வெளி, அதன் ஓரத்தில் 'ஓல்ட் கிரவுன்' என்ற பப். பப்பின் பின்கட்டில், பழைய கொட்டகை ஒன்றில் 1988-ல் ஒரு பீர் ஆலை தொடங்கியது. பீர்களுக்குச் சுற்றியுள்ள மலைகளின் பெயரை வைத்தார்கள்: ஸ்கிடா, பிளென்கத்ரா. ஆலை நடத்தியவர் ஓய்வுபெற நினைத்தபோது, 1999-ல் வாடிக்கையாளர்களே சேர்ந்து கூட்டுறவாக அதை வாங்கிக்கொண்டார்கள். நாலு வருடம் கழித்துப் பப்பை நடத்தியவர்களும் விற்கப்போவதாகச் சொன்னார்கள். பீர் ஆலை நம்முடையது, அதற்கு முன்னால் நிற்கும் பப் யாரோ ஒருவருடையது என்றால் சரிப்படுமா? 2003-ல் சுமார் 125 பேர், ஆளுக்கு 1,500 பவுண்டு போட்டுப் பப்பையும் வாங்கினார்கள். பக்கத்து ஊர்க்காரரான பிரபல மலையேறி கிறிஸ் பானிங்டனும் பங்குதாரர்களில் ஒருவர். அடுத்த வருடம் இளவரசர் சார்லஸ் வந்து பார்த்தார். அவர் கிராமத்துப் பப்புகளைக் காப்பதற்காக 2001-லேயே 'பப் இஸ் த ஹப்' என்ற அமைப்பைத் தொடங்க முன்நின்றவர். பத்திரிகைகளில் படம் வந்தது. அதற்குப் பிறகு, பப் மூடுகிற ஒவ்வோர் ஊரிலும் "ஹெஸ்கெட்டில் செய்தார்களே" என்று சொல்ல ஒரு ஆள் இருந்தார்.

பிரிட்டனிலேயே முதல் கூட்டுறவுப் பப் என்று ஓல்ட் கிரவுனைச் சொல்வதுண்டு. வேல்ஸ்காரர்கள் காதில் விழும்படி அதைச் சொல்லாதீர்கள். வடமேற்கு வேல்ஸில் லீன் தீபகற்பத்தில் லித்வைன் என்ற ஊரில் 'டவர்ன் எ விக்' 1988 முதல் ஊர்க்காரர்கள் கையில் இருக்கிறது. கல்குவாரிகள் மூடி ஆள் குறைந்துபோன பகுதி. வெல்ஷ் மொழியில் பேசிப் பாடிச் சிரிக்க அங்கே மிஞ்சிய பொது இடம் அந்தப் பப்தான். அங்கே அது மொழிப் பிரச்சினையும்கூட: பப் போய் அது விடுமுறை வீடாகிவிட்டால், சாயங்காலம் வெல்ஷில் பேசுவதற்கு ஊரில் இடமில்லாமல் போகும். அதே வட்டாரத்தில், கேனார்வன் பக்கம் லண்டூரோக் ஊரில் 2017-ல் மூடிய 'டீன் லான்' பப்பை வாங்க, 2021-ல் நாலு லட்சம் பவுண்டுக்கு மேல் பங்குப் பணம் திரண்டது. நடிகர் ரீஸ் இவான்ஸும் அதற்காகக் குரல் கொடுத்தார்.

இனிச் சட்டம். 2011-ல் வந்த 'லோக்கலிசம்' சட்டம் ஒரு சிறிய ஆயுதத்தைக் கொடுத்தது. ஊராட்சி மன்றமோ, குறைந்தது 21 உள்ளூர்வாசிகள் சேர்ந்த குழுவோ, "இந்தப் பப் எங்கள் சமூகத்துக்கு மதிப்புள்ள சொத்து" என்று கவுன்சிலிடம் பதிவு செய்யச் சொல்லலாம். பதிவு ஐந்து வருடம் நிற்கும். அதற்குள் உரிமையாளர் விற்க நினைத்தால் கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆறு வாரத்துக்குள் ஊரார் "நாங்களும் கேட்கிறோம்" என்று கை தூக்கினால், தெரிவித்த நாளிலிருந்து மொத்தம் ஆறு மாதம் வேறு யாருக்கும் விற்க முடியாது. அவ்வளவுதான். ஆறு மாதம் கழித்து ஊருக்கு விற்றாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "நீ கொடுக்கும் காசு போதாது" என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்கு விற்கலாம். எங்கள் ஊரில் முதல் தடவை அதுதான் நடந்தது. வாங்கியவருக்கு வீடாக மாற்ற அனுமதி கிடைக்காமல் போனதால், இரண்டாம் தடவை எங்களிடம் வந்தார். ஸ்காட்லாந்தில் 2003 முதலே கிராமங்களுக்கு முன்வாங்கும் உரிமை உண்டு. இங்கிலாந்துக்கும் அதுபோல முதல் உரிமையும், அவகாசத்தைப் பன்னிரண்டு மாதமாக்குவதும் 2025-ல் நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்த மசோதாவில் இருந்தன.

இந்தச் சட்டப்படி நாட்டிலேயே முதலில் பதிவான பப், கிராமத்தில் இல்லை. தெற்கு லண்டனின் நன்ஹெட்டில் உள்ள 'ஐவி ஹவுஸ்'. 1930-களில் கட்டிய மரப்பலகைச் சுவர்களோடு அப்படியே இருக்கும் கட்டடம். 2012-ல் மூடினார்கள். 2013-ல் ஊர்க்காரர்களின் சங்கம் 8 லட்சத்து 10 ஆயிரம் பவுண்டுக்கு வாங்கியது. 371 பேர் சேர்ந்து போட்ட பங்குப் பணம் சுமார் 1 லட்சத்து 42 ஆயிரம். மற்றது கடனும் மானியமும். லண்டன் விலை அப்படி.

பணம் திரட்டும் முறையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மூர் ஆட்கள் இதைச் சீட்டு என்றோ ஷேர் மார்க்கெட் என்றோ நினைத்துக்கொள்கிறார்கள். ஊர்க்காரர்கள் பதிவு செய்வது பெரும்பாலும் 'சமூக நலச் சங்கம்' என்ற வகை. இப்போது அதை ஆள்வது 2014-ம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டம். நீங்கள் 50 பவுண்டு போட்டாலும் 50,000 போட்டாலும் ஓட்டு ஒன்றுதான். பங்கை வெளியாளுக்கு விற்க முடியாது. பணம் வேண்டுமென்றால் சங்கத்திடமே திரும்பக் கேட்க வேண்டும், அதுவும் முதல் சில வருடம் கழித்து, சங்கத்தின் கையில் காசு இருந்தால். பங்கின் மதிப்பு ஏறாது. நாளைக்குப் பப் பத்து லட்சத்துக்குப் போனாலும் உங்கள் 250, 250-தான். சொத்துப் பூட்டு என்ற விதியைச் சேர்த்துக்கொண்ட சங்கங்களில், கட்டடத்தை விற்று உறுப்பினர்கள் பங்கு பிரித்துக்கொள்ளவும் முடியாது.

ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு என்பது 1844-ல் இங்கிலாந்தின் ரோச்டேல் ஊர் நெசவாளர்கள் கூட்டுறவுக் கடை வைத்தபோது பிடித்த பழக்கம். அதே ரோச்டேல் முறையைப் பார்த்துத்தான் 1904-ல் சென்னையில் திருவல்லிக்கேணி கூட்டுறவுச் சங்கம், நம்ம டி.யு.சி.எஸ்., தொடங்கியது. ஆகவே பாட்டி காலத்தில் டி.யு.சி.எஸ். கடையில் அரிசி வாங்கிய குடும்பத்துக்கு இந்த ஏற்பாடு புதிதில்லை. ரோச்டேல் கடையில் முதல் நாள் வைத்த சரக்கு மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ், மெழுகுவத்தி. அதில் பீர் இல்லை. பழைய கூட்டுறவாளர்களில் பலர் மதுவுக்கே எதிரிகள். அவர்கள் முறையைக் கொண்டு பப் வாங்குகிறார்கள் என்று தெரிந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ.

இப்படிப்பட்ட ஊர்களுக்குப் படிவம் முதல் பயிற்சி வரை உதவுகிற அமைப்பு 'பிளங்கெட்'. அயர்லாந்தில் பால் பண்ணைக் கூட்டுறவுகளைக் கட்டிய சர் ஹோரஸ் பிளங்கெட் 1919-ல் ஏற்படுத்தியது. கிராமத்துக் கடைகளுக்கு உதவி வந்தவர்கள், பிறகு பப்புகளுக்கும் வந்தார்கள். அவர்களுடைய ஆட்கள் எங்கள் ஊருக்கு வந்து முதல் கூட்டத்தில் கேட்ட கேள்வி இன்னும் ஞாபகம் இருக்கிறது: "கட்டடத்தை வாங்கப்போகிறீர்களா, கடையை நடத்தப்போகிறீர்களா?"

எங்களுக்கு அப்போது புரியவில்லை. இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்தோம். இரண்டும் வேறு வேறு. பணம் திரட்டுவது திருவிழா மாதிரி. மூன்று மாதம் ஊரே ஒன்றாக இருக்கும், கேக் விற்பார்கள், போஸ்டர் ஒட்டுவார்கள், ஆஸ்திரேலியாவுக்குப் போன மகன்கூட பங்கு வாங்குவான். கடை நடத்துவது தினசரிச் சமையல் மாதிரி. முதலாவதைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு இரண்டாவது தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

இதைப் புரிந்துகொண்ட ஊர்கள் கட்டடத்தைத் தாங்கள் வைத்துக்கொண்டு, தொழில் தெரிந்த ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டுவிடுகின்றன. ஹெஸ்கெட் அப்படித்தான். யார்க்ஷயரில் ரிச்மண்ட் பக்கத்து ஹட்ஸ்வெல்லும் அப்படித்தான். அங்கே 'ஜார்ஜ் அண்ட் டிராகன்' 2008-ல் மூடியது. 2010-ல் ஊர் வாங்கித் திறந்தது. அந்தத் தொகுதி எம்.பி.யும் அப்போதைய வெளியுறவு அமைச்சருமான வில்லியம் ஹேக் வந்து திறந்துவைத்தார். பப்புக்குள்ளேயே ஒரு குட்டி நூலகம், தொண்டர்கள் நடத்தும் ஒரு சின்ன மளிகைக்கடை, பின்பக்கம் ஊர்க்காரர்கள் காய்கறி போடும் பாத்திகள். அதற்கும் அப்பால் பள்ளத்தாக்கு. குத்தகைக்காரருக்கு நியாயமான வாடகை, பீரை யாரிடம் வாங்குவது என்பதில் முழுச் சுதந்திரம். பீர் ஆர்வலர்களின் சங்கமான கேம்ரா அதை 2016-ம் ஆண்டுக்கான நாட்டின் சிறந்த பப் என்று தேர்ந்தெடுத்தது. ஆறேழு வருடம் முன்பு பலகை அடித்து மூடிக் கிடந்த கட்டடம் அது.

நாங்கள் அப்படிச் செய்யவில்லை. "நம்ம பப்பை நாமே நடத்துவோம்" என்றோம். மேனேஜரைச் சம்பளத்துக்கு வைத்தோம், மேற்பார்வைக்கு ஒன்பது பேர் கமிட்டி. ஒன்பது பேரில் பப்பில் வேலை செய்த அனுபவம் உள்ளவர் யாரும் இல்லை, குடித்த அனுபவம் எட்டுப் பேருக்கு இருந்தது.

என் படிப்பு பப்பின் நிலவறையில் ஆரம்பித்தது. பீப்பாய் பீர் என்பது புட்டி பீர் மாதிரி இல்லை; உள்ளே ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. நம்மூர் கள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவு வேகமாகப் புளிக்காது, ஆனால் காலக்கெடு உண்டு. பீப்பாயைச் சாய்வாகக் கிடத்தி, பத்துப் பன்னிரண்டு டிகிரி குளிரில், வண்டல் அடியில் தங்கும் வரை ஒன்றிரண்டு நாள் விட வேண்டும். பிறகு மேலே ஒரு மரச் செருகை அடித்துக் காற்று விட்டு, முகப்பில் குழாயை அடித்து இறக்க வேண்டும். குழாய் இறங்கிய கணத்திலிருந்து காற்று உள்ளே போகிறது, கடிகாரம் ஓடுகிறது. மூன்று நாள். நாலாம் நாள் குடித்தால் வாய் சுருங்கும். வாடிக்கையாளர் முகமே சொல்லிவிடும்.

வழக்கமான சின்னப் பீப்பாய்க்கு 'ஃபர்கின்' என்று பெயர். ஒன்பது கேலன், அதாவது 72 பைண்ட் (பைண்ட் என்றால் அரை லிட்டருக்குச் சற்று அதிகமான ஒரு கிளாஸ்). வண்டல் கழித்தால் விற்கக்கூடியது 68 அல்லது 70. மூன்று நாளில் தீர வேண்டுமென்றால் நாளைக்கு இருபத்துமூன்று பைண்ட், ஒரே வகையில். எங்கள் கவுண்டரில் நாலு கைப்பம்பு. நாலு வகை பீர் இருந்தால்தான் மரியாதை என்று கமிட்டி முடிவு செய்திருந்தது. ஜனவரி மாதச் செவ்வாய்க்கிழமை. வெளியே பனிமழை. உள்ளே வந்தவர்கள் ஒன்பது பேர், அதில் நான் ஆரஞ்சு ஜூஸ். கணக்கைப் போட்டுப் பாருங்கள். வியாழக்கிழமை மேனேஜர் பையன் மிச்ச பீரைச் சாக்கடைக் குழியில் ஊற்றுவதை நின்று பார்த்தேன். நுரை பொங்கி ஓடியது. ஒரு பீப்பாய் வாங்கும் விலை எனக்குத் தெரியும், கணக்காளன் வயிறு எரிந்தது. பம்புக்கும் பீப்பாய்க்கும் நடுவில் உள்ள குழாய்களை வாரம் ஒரு தடவை ரசாயனம் விட்டுக் கழுவ வேண்டும். அப்போது குழாயில் நிற்கும் பீரும் போய்விடும்.

நாலு பம்பை இரண்டாக்கலாம் என்று வருடாந்திரக் கூட்டத்தில் சொன்னேன். ஊர்ச் சமுதாயக்கூடம் நிறைந்திருந்தது. ஒருவர் எழுந்து, "நான் ஆயிரம் பவுண்டு போட்டிருக்கிறேன், எனக்குப் பிடித்த பீர் இல்லையென்றால் எதற்கு இந்தப் பப்?" என்றார். பின் வரிசையில் ஒரு பெண்மணி, "நீங்கள் கடைசியாக எப்போது வந்தீர்கள்?" என்று கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. ஓட்டெடுப்பில் இரண்டு பம்பு ஜெயித்தது, குளிர்காலத்துக்கு மட்டும். அதே கூட்டத்தில் பைண்டுக்கு 20 பென்ஸ் ஏற்றும் தீர்மானம் தோற்றது. உரிமையாளராக லாபம் வேண்டும், வாடிக்கையாளராக விலை ஏறக்கூடாது. இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வேலையாட்கள் விஷயத்திலும் இதே சிக்கல். ஊர்ச் சொத்து என்பதால் முதலாளி நல்லவராக இருப்பார் என்ற உத்தரவாதம் இல்லை. ஐவி ஹவுஸிலேயே 2018-ல் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வேலை நேரத்துக்கு உறுதி தராத 'ஜீரோ ஹவர்' ஒப்பந்தம், நாலு பேரை வேலையை விட்டு நீக்கியது இரண்டும் காரணம். நீக்கியவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. எங்கள் ஊரில் வேலைநிறுத்தம் வரவில்லை. சமையல்காரர் ஒரு சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு மெசேஜ் அனுப்பிவிட்டு நின்றுவிட்டார். அன்று முப்பத்தெட்டுப் பேர் மேசை பதிவு செய்திருந்தார்கள். கமிட்டியில் ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் உருளைக்கிழங்கு உரித்தார், நான் தட்டு கழுவினேன். அப்புறம் மேனேஜருக்கு ஒன்பது முதலாளி. ஒருவர் இசையைக் குறை என்பார், ஒருவர் கூட்டு என்பார். முதல் மேனேஜர் பத்து மாதம்தான் தாங்கினார். இரண்டாவது ஆளை எடுக்கும்போது, கமிட்டியில் குறிப்பிட்ட ஒருவர் மட்டும்தான் அவரிடம் பேசலாம் என்று எழுதி வைத்தோம். அந்த ஒரு விதிதான் எங்களைக் காப்பாற்றியது என்று இன்றும் நினைக்கிறேன்.

நாலாம் வருடம் நாங்களும் குத்தகைக்கு விட்டோம். இளம் தம்பதி, மேல்மாடியில் குடியிருக்கிறார்கள். வாடகை நேரத்துக்கு வருகிறது, கூரை ஒழுகினால் மட்டும் கமிட்டியைக் கூப்பிடுகிறார்கள். கமிட்டிக்கு இப்போது வேலையில்லை என்று சிலருக்கு வருத்தம்.

நேரடியாக நடத்தக்கூடாது என்று சொல்லவில்லை. சில இடங்களில் அதுதான் பொருத்தம். பிரைட்டனின் புறத்தில் பெவெண்டீன் என்ற அரசுக் குடியிருப்புப் பகுதியில், 2010-ல் போலீஸ் தலையிட்டு மூடவைத்த ரவுடிப் பப் ஒன்று இருந்தது. அக்கம்பக்கத்தார் நூற்றுக்கணக்கானவர்கள் சின்னச் சின்னப் பங்கு வாங்கி, 2014 டிசம்பரில் 'பெவி' என்ற பெயரில் திறந்தார்கள். வசதியான கிராமத்துக்காரர்கள் செய்வதை வசதியில்லாத குடியிருப்பிலும் செய்யலாம் என்று காட்டியது அது. வயதானவர்களுக்கு வெள்ளிக்கிழமைச் சாப்பாடு, தோட்டம், சமையல் வகுப்பு எல்லாம் அங்கே பப்பின் வேலையாகவே நடக்கிறது. இப்படிப்பட்ட இடத்தைத் தனிக் குத்தகைக்காரர் லாபத்துக்காக எடுத்து நடத்த மாட்டார். டெர்பிஷயரில் பேம்ஃபோர்டு ஊர்க்காரர்கள் 2013-ல் வாங்கிய 'ஆங்லர்ஸ் ரெஸ்ட்'டில் பப், கஃபே, தபால் ஆபீஸ் மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே. காலையில் பென்ஷன் விஷயமாக வருகிறவர் காபி குடிப்பார், காபிக்கு வந்தவர் மத்தியானம் சாப்பிடுவார். இரவு வியாபாரத்தை மட்டும் நம்பினால் கிராமத்துப் பப் பிழைப்பது கஷ்டம், பகலையும் பிடிக்க வேண்டும்.

இனிப் பணம். போட்டது திரும்பி வருமா? பிளங்கெட் வைத்திருக்கும் கணக்கில், ஊர் வாங்கிய பப்புகளில் மறுபடி மூடியவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். அதனால் பணம் அப்படியே முழுகிப்போகும் ஆபத்து குறைவு, கட்டடம் நிற்கிறதே. ஆனால் வட்டி என்று எதிர்பார்த்துப் போடாதீர்கள். லாபம் வந்த வருடம் இரண்டு மூன்று சதவீதம் தருவார்கள், வராத வருடம் ஒன்றுமில்லை. எங்கள் சங்கம் ஆறு வருடத்தில் ஒரே ஒரு தடவை வட்டி தந்தது. எனக்கு ஐந்து பவுண்டு வந்தது. ஒரு காலத்தில் இப்படிப்பட்ட சமூக முதலீட்டுக்கு வருமான வரியில் 30 சதவீதம் கழித்துக் கொடுத்தார்கள். பலருக்கு நிஜமான வரவு அதுதான். அந்தச் சலுகை 2023 ஏப்ரலில் முடிந்துவிட்டது. 2021-ல் அரசு அறிவித்த 15 கோடி பவுண்டு சமூக உடைமை நிதியும் 2024 டிசம்பரில் மூடப்பட்டது. ஆக, இன்றைக்குப் பப் வாங்கக் கிளம்பும் ஊருக்குப் பத்து வருடம் முன்பு கிளம்பிய ஊரைவிடப் பாதை செங்குத்து.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சங்கங்களின் கமிட்டிகளைப் பார்த்தால் ஓய்வுபெற்ற வக்கீல், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஓய்வுபெற்ற என்ஜினியர் என்றே இருக்கும். ஊரிலேயே பிறந்து பண்ணையில் வேலை பார்ப்பவருக்கு மாலைக் கூட்டத்துக்கு வர நேரமில்லை, ஐந்நூறு பவுண்டு ஒதுக்கவும் வழியில்லை. குறைந்தபட்சப் பங்கை 500 என்று வைக்கும் ஊரில் பாதிப் பேர் வெளியே நின்றுவிடுவார்கள். நாங்கள் முதலில் 250 வைத்தோம். அதுவே அதிகம் என்று பிறகு புரிந்து, மாதம் பத்துப் பவுண்டாகத் தரலாம் என்று மாற்றினோம். அப்படிச் சேர்ந்தவர்களில் ஒருவர்தான் இப்போது தலைவர். டிராக்டர் மெக்கானிக்.

அந்தப் பெரியவரைப் பற்றியும் சொல்ல வேண்டும், கதவு வரை நடந்துவிட்டுத் திரும்பியவர். திறந்த அன்று ஆறு மணிக்கு வந்தார், கணப்புக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார், அரைப் பைண்ட் வாங்கினார். ஒன்பது மணி வரை அதையே குடித்தார். வியாபாரக் கணக்கில் அவர் நஷ்டம்தான். அவர் பங்கு வாங்கவே இல்லை என்பது பட்டியலைச் சரிபார்த்தபோது தெரிந்தது, நான் யாரிடமும் சொல்லவில்லை.

நேரில் பார்க்க ஆசை என்றால், லண்டனில் இருப்பவர்களுக்கு ஐவி ஹவுஸ் பக்கம். வடக்கே வந்தால் ஹட்ஸ்வெல், இன்னும் மேலே போனால் ஹெஸ்கெட். செவ்வாய்க்கிழமை மாலை போய்ப் பாருங்கள், சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒன்றும் தெரியாது. ஆனால் கிளம்புவதற்கு முன் போன் பண்ணிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆள் வராத நாளில் திறந்து வைத்தால் நஷ்டம் என்று கிராமத்துப் பப்புகள் பல வாரத் தொடக்கத்தில் மூடியே இருக்கும்.